கரும்புத் தோட்டத்திலிருந்து லிபர்ட்டி அவெனியு வரை

‘கடல் கடந்த தமிழர்’ என்ற தலைப்பிலே நமது பத்திரிகைகளில் வெளிவரும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. தூரதேசமொன்றில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு முதியவருக்கு நான்கு தமிழ்ச் சொற்கள் தெரிகின்றன. அவருடைய பெயரின் ஈற்றில் ‘சாமி’ என்பது திரிந்தும் தேய்ந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றைக் கண்டறிந்து எழுதும் கட்டுரையாளர் புளகாங்கிதமடைகிறார், வாசகரும் அடைகிறார். அந்த முதியவரின் பாட்டன் எந்த ஒப்பந்தத்திற் கைநாட்டு வைத்துக் கப்பலேறினான், அவனுக்கு என்ன கூலி கொடுத்தார்கள், அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று எந்நகரில் எத்தொழில் செய்து பிழைக்கிறார்கள் என்ற வினாக்கள் அங்கே எழுவதில்லை. பண்பாடு என்பது பெட்டியிற் பூட்டி எடுத்துச் செல்லப்பட்ட நகை போலவும், பெட்டியைத் திறந்து நகை குறைந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதே ஆராய்ச்சி போலவும் ஆகிவிட்டது.

இக்கணக்கெடுப்பு முறை எத்துணை பொருந்தாதது என்பதை அறிய விரும்புவோர், ஐக்கிய அமெரிக்காவில் வாழும் கரிபிய இந்தியரின் வாழ்வையும் அவர்களிடையே அண்மைக் காலத்தில் எழுந்துள்ள எழுத்தையும் நோக்குதல் தகும். அவர்களிற் பெரும்பாலோர் தமிழரல்லர். ஆயினும் ‘மதராசி’ என்ற பெயரோடு அவர்களிடையே ஒரு பகுதியினர் உளர். அவர்களுக்கும் நமக்கும் உள்ள தொடர்பைப் பின்னர் கூறுவோம்.

ஆபிரிக்க அடிமைகளின் விடுதலை உறுதியான காலத்தில், கரிபியப் பகுதியின் கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கிய கிளாட்ஸ்டனின் தந்தை ஜோன் கிளாட்ஸ்டன், 1836 இல் கல்கத்தா வர்த்தகர்களுக்குக் கடிதமெழுதித் தமது தோட்டங்களுக்கு ஆள் கேட்டார். 1838 மே மாதம் ‘விற்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்னும் இரு கப்பல்கள் பிரித்தானிய கயானாவின் கரையை அடைந்தன. 1917 இல் இவ்வேற்றுமதி நிறுத்தப்படும்வரை கயானாவுக்கு மட்டும் 2,38,000 பேருக்கு மேற்பட்டோரும், திரினிடாட்டுக்கு 1,43,000 பேருக்கு மேற்பட்டோரும் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பான்மையோர் போஜ்புரி வழங்கும் வட இந்திய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சென்னைத் துறைமுகத்தினூடாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறு தொகையினரே.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. வேலைக்கு வராமை குற்றம், அனுமதிச் சீட்டின்றித் தோட்ட எல்லையைக் கடத்தல் குற்றம், குற்றத்துக்குச் சிறை. நமது மலைநாட்டுக்கு வந்தவர்கள் கங்காணியின் கடன் ஏட்டில் அகப்பட்டு வந்தார்கள். இவர்களோ அரசாங்கத்தின் முத்திரையிட்ட பத்திரத்தில் அகப்பட்டுச் சென்றார்கள். முறை வேறு, மனிதனைக் கை என்று எண்ணும் கணக்கு ஒன்றே. ‘கூலி’ என்ற சொல்லின் மூலம் தமிழே என்று கருதும் அறிஞர் பலர். உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறித்த நமது சொல், உழைப்பவனையே இழிவாகக் குறிக்கும் வசவாக மாறி உலகத்தின் கரும்புக் காடுகளெங்கும் வழங்கியது. தமிழ்ச் சொற்கள் திசையெங்கும் பரவியதைப் பெருமையோடு பட்டியலிடுவோர் இச்சொல்லையும் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தோட்டங்களில் எதுவும் படைக்கப்படவில்லை என்றொரு கருத்து உண்டு. திரினிடாட்டிற் பிறந்து 2001 இல் நோபல் பரிசு பெற்ற வி. எஸ். நைபால், மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றி 1962 இல் எழுதிய நூலில் இக்கருத்தையே தமது கூர்மையான நடையில் வெளியிட்டார். நைபாலின் கலைத்திறனை மறுப்பார் இலர். ஆனால் அவர் எதைப் படைப்பு என்று கொண்டார் என்பதே கேள்வி. கப்பலில் உடன்வந்தவனை ‘ஜகாஜி பாய்’ என்று சகோதரனாகக் கொண்ட உறவு எந்தச் சாத்திரத்திலும் இல்லாதது. சாதியும் ஊரும் சிதைந்த கப்பலடியிலே பிறந்தது. திருமணத்துக்கு முன்னிரவில் பெண்கள் மட்டும் கூடி ஆடிப் பாடிய ‘மாட்டிகோர்’ சடங்கின் துடுக்கான பாடல்களும், இரும்புக் கோலிற் குதிரைலாட வடிவான துண்டால் தட்டும் ‘தண்டால்’ என்னும் வாத்தியமும், ஆபிரிக்கரின் கலிப்சோ இசையும் கலந்து ‘சட்னி’ என்ற இசைவகை தோன்றியது. சுந்தர் போப்போ என்ற திரினிடாட் பாடகர் 1970ஆம் ஆண்டளவில் பாட்டன் பாட்டியைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டால் அதை இசைத்தட்டுக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றார். இவை படைப்பல்லவெனின் வேறு எவை படைப்பு? தமது தந்தையின் வழியிற் சென்னைத் தொடர்புடையவரான சாமுவேல் செல்வன், நைபாலுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1952 இலும் 1956 இலும் வெளிவந்த தமது நாவல்களில், சாதாரண மக்களின் கலப்புமொழியை இலக்கியமொழியாக உயர்த்திக் காட்டினார். பேச்சுமொழியை இலக்கியத்திற் கையாளலாமா என்று நாம் இங்கே ஆண்டுக்கணக்கிற் சண்டையிட்டோம். அவர் எழுதியே காட்டிவிட்டார்.

இம்மக்கள் அமெரிக்காவுக்கு ஏன் சென்றனர்? ‘முன்னேற்றம் நாடி’ என்பது வழக்கமான விடை. சரித்திரம் வேறொரு விடையைத் தருகிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் கயானாவின் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் ஐவரைப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். அக்கொலையின் நினைவில் வளர்ந்த இயக்கத்தின் தலைவர், கரும்புத் தோட்டத்திற் பிறந்து அமெரிக்காவிற் பல் வைத்தியம் படித்துத் திரும்பிய செடி ஜகன். 1953 இல் அவரது கட்சி, ஆபிரிக்கரும் இந்தியரும் ஒருங்கே வாக்களிக்க, தேர்தலில் வென்றது. 133 நாட்களில் பிரித்தானியா படையை அனுப்பி அரசியற் சட்டத்தை நிறுத்தியது. 1955 இற் கட்சி பிளவுபட்டது. ஜகன் மீண்டும் வென்றபோது, இன்னொரு கியூபா உருவாகிவிடும் என அஞ்சிய வாஷிங்டன் இலண்டனை நெருக்கியது. 1963 இல் 80 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்துக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் சென்றது. தேர்தல் முறையே மாற்றப்பட்டது. 1964 இல் இனக்கலவரம் மூண்டு இரத்தம் சிந்தியது. அவ்வாண்டின் இறுதியிற் போர்ப்ஸ் பேர்ணம் ஆட்சிக்கு வந்தார். 1985 இல் இறக்கும்வரை அவ்வாட்சி நீடித்தது. இடையில் நடந்த தேர்தல்கள் மோசடியானவை.

1965 இல் அமெரிக்கா தனது குடிவரவுச் சட்டத்தைத் திருத்திக் கதவைத் திறந்தது. ஒரு கையால் வீட்டுக்குத் தீவைத்து மறுகையாற் கதவைத் திறந்துவிட்டவனை உபகாரி என்று எவ்வாறு அழைப்பது? பேர்ணம் ஆட்சியிற் கோதுமை மாவின் இறக்குமதி தடைசெய்யப்பட்ட 1980களின் தொடக்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு ரொட்டி சுடுவதே சட்டவிரோதமான காரியமாயிற்று. மாவு கள்ளத்தனமாக எல்லை கடந்து வந்தது. இன்று நியூயோர்க்கில் அம்மக்களின் கடைத்தெருவில் ரொட்டிக் கடைகளும் வெதுப்பகங்களும் அடுத்தடுத்து இருப்பதைக் காண்போர் அதை நாவின் சுவையோடு மட்டும் தொடர்புபடுத்திப் பார்த்தல் போதாது.

அக்கடைத்தெரு குயீன்ஸ் பகுதியில் றிச்மண்ட் ஹில் என்னுமிடத்தில் உள்ள லிபர்ட்டி அவெனியு. மேலே இரும்புத் தூண்களின்மீது புகையிரதம் ஓடும். கீழே சேலைக் கடைகளும் தால் பூரி விற்கும் கடைகளும் இருக்கும். முன்பு இத்தாலியரும் ஐரிஷ்காரரும் ஜெர்மனியரும் வாழ்ந்த இடம். 1990ஆம் ஆண்டளவிலிருந்து வசந்தகாலத்திற் பக்வா ஊர்வலம் நடைபெறுகிறது. 2021 இல் அத்தெருவின் ஒரு சந்திக்கு ‘லிட்டில் கயானா அவெனியு’ என்ற பெயரும் சேர்த்து இடப்பட்டது. நகரத் திட்டமிடல் துறை 2013 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நியூயோர்க்கில் வாழும் வெளிநாட்டிற் பிறந்தோருள் கயானாவிலிருந்து வந்தவர் ஏறத்தாழ 1,40,000. ஐந்தாவது பெரிய தொகை. அவருள் இந்தியர் எத்தனை, ஆபிரிக்கர் எத்தனை என்பதை இவ்வெண் காட்டாது. குடிசன மதிப்புப் பத்திரத்தில் ‘ஆசிய இந்தியர்’ என்றொரு கூடு இருக்கிறது. அதில் அடையாளமிட்டால் கரிபியன் மறைந்துவிடுகிறது. மற்றைய கூடுகளில் இந்தியா மறைந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து நேரே பட்டப்படிப்போடு வந்த மருத்துவரும் பொறியியலாளரும் இவர்களை ‘உண்மையான இந்தியர்’ என ஏற்கத் தயங்குவர். வெள்ளைக்காரக் காடையனுக்கோ அத்தயக்கம் இல்லை. 1998 இல் இப்பகுதியில் திரினிடாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவரைத் தடிகளால் அடித்து நொறுக்கியவர்கள் அவர் எந்தக் கப்பலின் வழித்தோன்றல் என்று விசாரிக்கவில்லை.

இந்நிலையில், ‘நாமும் உண்மையான இந்தியரே’ என்று நிரூபிக்க வேண்டுமென்ற வேட்கை பிறப்பது இயல்பு. அவ்வேட்கையின் விளைவுகள் எல்லாம் நல்லன அல்ல. மதராசிகளின் கதையைப் பார்ப்போம்.

கயானாவின் மதராசிகள் வழிபட்ட தெய்வங்கள் மாரியம்மன், காளி, மதுரைவீரன், முனீஸ்வரன், காட்டேரி. நமது தேயிலைத் தோட்டத்து லயங்களின் ஓரத்தில் மரத்தடியிற் கல்லாக நிற்கும் அதே தெய்வங்கள். தப்பும் உடுக்கையும் ஒலிக்க, சாமியாடி வாக்குச் சொல்லி நோய் தீர்ப்பது அவ்வழிபாட்டின் மையம். மருத்துவர் எட்டாத தோட்டங்களில் அது மருத்துவமனையுமாயிற்று. ஆபிரிக்கரும் அங்கே நோய் தீர்க்க வந்தனர், வருகின்றனர். பிராமணப் புரோகிதரைத் தலைமையாகக் கொண்ட இந்துக்கள் இதனை இழிந்தவர் வழிபாடு என ஒதுக்கினர். இன்று குயீன்சில் வீடுகளின் நிலக்கீழ் அறைகளிலும் சிறு கோயில்களிலும் அந்தத் தப்பு முழங்குகிறது. பொருள் மறந்துபோன தமிழ்ப் பாடலடிகள் ஒலியாக மட்டும் எஞ்சி நிற்கின்றன. இளைஞர் பலர் ‘மதராசி’ என்ற வசையைப் பெருமைப் பெயராக ஏற்றுள்ளனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அவருட் சிலர், தமது பாட்டனாரின் முறை பிழைபட்டது எனக் கருதி, தமிழ்நாட்டுக் கோயில்களின் ஆகம முறையைக் கற்று அதைத் திருத்த முயல்கின்றனர். நமது கட்டுரையாளர் இதைக் கேட்டால் ஆனந்தக் கண்ணீர் வடிப்பார். நமக்கோ ஐயம் எழுகிறது. எந்த ஆகமக் கோயிலின் வாசலில் நிற்க உரிமையில்லாமல் இம்மக்களின் முன்னோருட் பலர் கப்பலேறினார்களோ அந்தக் கோயிலைக் கொண்டு அவர்களின் தப்பைத் திருத்துவதா? நமது ஊர்களிலும் சிறுதெய்வங்களுக்குப் பெரிய பெயர் சூட்டிப் பறையை வெளியே நிறுத்திய சீர்திருத்தங்களை நாம் அறிவோம். கொரன்டைன் கரையின் மதராசி மீன்பிடிக் கிராமமொன்றைப் பற்றி மோசஸ் நாகமுத்து 2000 இல் எழுதிய ‘ஹென்றீஸ் கியூர்’ என்ற நூலைப் படிப்போர், இவ்வாழ்வு தமிழ்நாட்டின் குறைபட்ட பிரதியன்று, தன்னளவில் ஒரு வாழ்வு என்பதை உணர்வர். பின்னர் அந்நாட்டின் பிரதமராகவும் விளங்கியவர் அதன் ஆசிரியர்.

இனி அமெரிக்காவில் எழுந்த எழுத்தை நோக்குவோம். கயானாவிற் பிறந்து சிறுவயதிலேயே நியூ ஜெர்சிக்குப் பெயர்ந்த கையூத்ரா பகதூர் 2013 இல் வெளியிட்ட ‘கூலி வுமன்’ என்னும் நூல் இவ்வெழுத்தின் தலையாய சாதனை எனலாம். அவரது பூட்டி சுஜாரியா 1903 இல் கல்கத்தாவில் ‘கிளைட்’ என்ற கப்பலிற் கருவுற்ற நிலையிற் தனியே ஏறினாள். கணவன் யார், ஏன் வந்தாள் என்பதற்குச் சான்றில்லை. இதைக் கொண்டு ஒரு குடும்பப் பெருமைக் காவியம் புனைவது எளிது. பகதூர் அவ்வாறு செய்யவில்லை. ஆவணங்களை எழுதியவர் கப்பல் வைத்தியரும் நீதவானும் துரையும். அவற்றில் அப்பெண் பேசவில்லை. பேசாதவளின் வாயில் ஆசிரியர் தம் சொற்களைத் திணிக்கவில்லை. மாறாக வினாக்களைப் பக்கக்கணக்கில் அடுக்குகிறார். விதவையா? ஓடிவந்தவளா? ஏமாற்றப்பட்டவளா? விடை கிடையாத வினாவே அங்கு சரித்திரமாகிறது. இம்முறையின் நேர்மை நம்மைக் கவர்கிறது.

அதனினும் முக்கியமானது அவர் கண்ட முரண்பாடு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் ஏற்றப்பட்டது. பெண்கள் அருகியிருந்தமையால், ஊரில் விதவையாகவோ தள்ளப்பட்டவளாகவோ இருந்தவளுக்குத் தோட்டத்திலே தன் துணையைத் தானே தேரவும் மாற்றவும் ஓரளவு இயன்றது. அதே காரணத்தால் வெட்டுக்கத்தி அவள்மீது பாய்ந்தது. துரைமாரும் அவளை விடவில்லை. விடுதலையும் கொலையும் ஒரே பொருளாதார நிலைமையிற் பிறந்தன என்பதை உணர்ச்சிப் பெருக்கின்றி நிறுவும் பகுதிகள், நமது பெண் விடுதலைக் கட்டுரையாளர் கற்கவேண்டியவை. நியூயோர்க்கில் 2007 இல் ‘ஜகாஜி சிஸ்டர்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பு தோன்றி வீட்டு வன்முறைக்கெதிராக இயங்கி வருதலையும் இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். கப்பற் சகோதரன் என்ற புகழ்பெற்ற சொல்லுக்குப் பெண்பாலும் வேண்டும் என்று அவர்கள் எழுந்தது வெறும் இலக்கண விவகாரமன்று.

ராஜீவ் மொஹாபிர் கவிஞர். பாட்டியின் வாயிலிருந்து கேட்ட போஜ்புரிப் பாடல்களே அவரது பள்ளி. ‘கட்லிஷ்’ என்ற 2021ஆம் ஆண்டுத் தொகுதியின் பெயர், கரும்பு வெட்டும் கத்தியின் பெயரைத் தோட்டத்து வாய் உச்சரித்த விதம். ஆங்கிலம், கிரியோல், போஜ்புரி ஆகிய மூன்றையும் சட்னி இசையின் வடிவிற் கோக்கும் அவரது முயற்சி சிற்சில இடங்களிற் செயற்கையாகத் தோன்றினும் பொய்யன்று. ஆண்மகனை விரும்பும் ஆண் என்பதாற் குடும்பத்தில் அவர் பட்ட அவமதிப்பைத் தன்வரலாறாகவும் எழுதியுள்ளார்; பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லும் குடும்பம் யாரைக் காப்பதில்லை என்பதை அந்நூல் காட்டுகிறது. எனினும் அவர் ஆற்றிய பெரும்பணி மொழிபெயர்ப்பே என்பது நமது துணிபு. லால் பிஹாரி சர்மா என்ற ஒப்பந்தத் தொழிலாளி டெமெராராவில் இயற்றிய ஹோலிப் பாடல்கள் 1916 இற் சிறுநூலாக அச்சேறி மறக்கப்பட்டன. ஆங்கிலக் கரிபியத்தில் ஒப்பந்தக் கூலியொருவர் இயற்றிய இலக்கியமாக இதுவரை அறியப்பட்டது இது ஒன்றே. மொஹாபிர் 2019 இல் அதனை ஆங்கிலமாக்கினார். கூலிக்கு எழுத்தறிவில்லை, எனவே அவனுக்காக நாம் பேசுகிறோம் என்று சொல்லி வந்த கருணையாளர் அனைவருக்கும் இச்சிறுநூல் ஒரு மறுப்பு. அவன் எழுதினான், நாம்தான் படிக்கவில்லை.

இவ்வளவு பாராட்டிய பின்னர் நமது குறையையும் கூறவேண்டும். நாம் படித்தவரையில், இவ்வெழுத்து கப்பலை நோக்கியே மீண்டும் மீண்டும் திரும்புகிறது. 1838 உம் 1903 உம் அதில் உயிரோடு நிற்கின்றன. 1964 மங்கலாகவே தெரிகிறது. வாஷிங்டன் தம் நாட்டுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டிய மொழி அந்நாட்டின் ஆங்கிலமே ஆகையால் நா எழவில்லையோ என்னவோ. அதுபோலவே, பகலில் பிறர் வீட்டு முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டி இரவில் நிலக்கீழ் அறைக்குத் திரும்பும் பெண்ணும், 2008 இன் கடன் நெருக்கடியிற் குயீன்சில் வீட்டைப் பறிகொடுத்த குடும்பமும், தமக்குரிய நாவலைப் பெறவில்லை. 2021 செப்டம்பர் முதலாம் நாள் புயல்மழையில் நியூயோர்க்கின் நிலக்கீழ் அறைகளில் 11 பேர் மூழ்கி இறந்தனர். அத்தகைய அறைகளே இக்குடியேறிகளிற் பலரின் வசிப்பிடம். கப்பலின் அடித்தட்டை இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்கள் இந்த அடித்தட்டையும் எழுதலாம் அன்றோ?

ஸ்கெனெக்டடி என்ற ஊரின் கதை இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள இவ்வூர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தால் வளர்ந்து, அந்நிறுவனம் வேலைகளைக் குறைத்தபோது பாழடைந்தது. 2002ஆம் ஆண்டளவில் அவ்வூர் மேயர் குயீன்சில் வாழ்ந்த கயானியரை பஸ்களில் அழைத்து வந்து, பாழ்வீடுகளை மலிவாக வாங்கித் திருத்திக் குடியேறுமாறு வேண்டினார். அவர்கள் கடும் உழைப்பாளிகள், அரசாங்க உதவியை நாடாதவர்கள் என்பது அவர் கூறிய காரணம். மக்கள் மகிழ்ந்து சென்றனர். கூரை மாற்றினர், சுவர் எழுப்பினர், ஊர் பிழைத்தது. பாராட்டு பொய்யன்று. ஆயினும் அச்சொற்கள் புதியன அல்ல. விடுதலை பெற்ற ஆபிரிக்கன் சோம்பேறி, இந்தியக் கூலி அடங்கி உழைப்பவன் என்று கயானாத் துரைமார் பல்லாண்டுகள் சொல்லி வந்த அதே சொற்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கூலியைத் தாழ்த்தவே அவை பயன்பட்டன என்பதை, 1980 இல் கொலையுண்ட வால்ட்டர் ரொட்னி, தமது மறைவின் பின்னர் 1981 இல் வெளிவந்த கயானாத் தொழிலாளர் வரலாற்றில் விளக்கியுள்ளார். ஆபிரிக்கரான ரொட்னியை இந்தியத் தொழிலாளரும் தம்மவராகக் கொண்டனர் என்பது கயானாவின் மறக்கக்கூடாத அத்தியாயம். நூற்றாண்டு கடந்து வேறொரு நாட்டின் மேயர் வாயில் அதே பாராட்டைக் கேட்டபோது எத்தனை பேர் அதன் பழைய குரலை இனங்கண்டனர்? ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல கரு வேண்டுமா?

அத்தகைய எழுத்துக்கு முன்னோடி இல்லாமலில்லை. ரொட்னியின் இயக்கத்தோடு தொடர்புகொண்டிருந்த மஹாதாய் தாஸ் 1977 இல் தம் மக்களின் கவிஞராக விரும்பும் விருப்பத்தையே தலைப்பாக்கி முதற்றொகுதியை வெளியிட்டவர். நியூயோர்க்கிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் சிக்காகோவிலும் தத்துவம் பயின்றார். நோய் அவரது படிப்பை நிறுத்திற்று. 1988 இல் வெளிவந்த ‘போன்ஸ்’ என்ற தொகுதியில், ஊர்வலத்தின் உரத்த குரல் தணிந்து, தனி அறையின் குரல் கேட்கிறது. அது பின்வாங்கல் என்று கருதுவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கப்பல்களைப் பாடிய அதே கவி, தன் உடலையும் அந்நிய நகரத்தையும் பாடக் கற்றுக்கொண்ட இடம் அது. அவர் 2003 இற் காலமானார். கவிதைகளின் முழுத்தொகுப்பு 2010 இல் வந்தது. றிச்மண்ட் ஹில்லின் இளம் எழுத்தாளர் கப்பலுக்குப் போகுமுன் அத்தொகுப்பை ஒருமுறை திறக்கலாம்.